ஸ்டெப்னி அல்ல சிறுநீரகம்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெரியவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் பல்லாண்டு பணியாற்றி வந்தவர், பாரீசைப் பார்த்த அதே கண்ணால் நம் முத்தியால்பேட்டைச் சந்துகளையும் குறையாத பிரியத்தோடு பார்ப்பவர், நாமெல்லாம் 'சொல்தா ஐயா' என்று சொந்தம் கொண்டாடும் சவரிராயன் அவர்களே!

செவிலியர் கல்லூரியில் மாணவிகளுக்கும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு எங்களைப் போன்ற கிரீஸ் படிந்த கைகளுக்கும் உடலியங்கியல் கற்றுத் தரும் ஆசிரியை, நம் தெருவின் செல்ல மகள் லினெட் அவர்களே!

மேடைக்கு வரவே மாட்டேன் என்று மன்றாடியும் நாங்கள் விடாமல் இழுத்து வந்து அமர்த்தியதால், புடவைத் தலைப்பைத் திருகியபடி உட்கார்ந்திருக்கும் என் உடன்பிறவாத் தங்கை பூர்ணிமா அவர்களே! மேடைக்குப் பக்கத்தில் மைக்செட்டைக் காவல் காத்து நிற்கும் அவருடைய தம்பி கலைவாணனே!

சமையலை முடித்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! முடிக்காமலே வந்துவிட்ட தாய்மார்களே! ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஓடி வந்திருக்கும் தொழில் தோழர்களே! வண்டியை விட்டு இறங்காமல் ஓரமாக நின்று, பேச்சு நன்றாக இருந்தால் இருக்கலாம், இல்லையென்றால் கிளம்பலாம் என்று எடை போட்டுக்கொண்டிருக்கும் நண்பர்களே! மூன்றாவது வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு, இந்த வெற்றிச்செல்வன் என்னதான் உளறுகிறான் பார்க்கலாம் என்று அமர்ந்திருக்கும், பூர்ணிமாவின் மாமியார், அம்மா மணியம்மாள் அவர்களே! உங்கள் அனைவருக்கும் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெற்றிச்செல்வனின் வணக்கம்.

கைதட்டலை மொத்தமாகச் செலவழித்துவிடாதீர்கள், கொஞ்சம் மிச்சம் வையுங்கள். தலைவர் என்னைத் தனியே கூப்பிட்டு, "வெற்றி, சுருக்கமா பேசுப்பா. போன தடவ நீ முடிக்கறதுக்குள்ள பந்தல்காரன் கழியப் பிரிக்க ஆரம்பிச்சுட்டான்" என்று சொல்லியிருக்கிறார். தலைவரே, உங்கள் ஆணைக்கு நான் அடங்குகிறேன். ஆனால் இன்றைய பொருள் அடங்குமா? ஆறடி உடலுக்குள் அடங்கியிருக்கும் அதிசயம், இந்த அரைமணி நேரப் பேச்சுக்குள் அடங்குமா?

இன்று நம் முத்தியால்பேட்டை உடலறிவு வட்டத்தின் இரண்டாம் ஆண்டுத் தொடக்க விழா. உடலறிவு வட்டம் என்றதும் உடற்பயிற்சிக் கூடம் என்று நினைத்துக் கொண்டு ஒருவர் துண்டோடு வந்துவிட்டார். ஐயா, உட்காருங்கள், துண்டு வியர்வைக்கு ஆகும்.

அருமைப் பெருமக்களே! நாம் எதைத்தான் படிக்கவில்லை? வானத்தைப் பார்த்து மழையைப் படித்தோம். வைத்திக்குப்பத்தில் படகு இழுக்கும் நம் சொந்தங்கள் அலையைப் பார்த்து ஆழத்தைப் படித்தார்கள். என் கடைக்கு வரும் மெக்கானிக் தம்பிகள், எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லப் படித்தார்கள். ஆனால் விலா எலும்புக்குக் கீழே வலப்பக்கம் என்ன இருக்கிறது, இடப்பக்கம் என்ன இருக்கிறது என்று படித்தோமா? வயிறு வலித்தால் டாக்டரிடம் போய், தொப்புளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, "இங்கதான் எங்கியோ" என்கிறோம். இங்கேதான் எங்கேயோ! சொந்த வீட்டில் அடுப்படி எது, வாசல் எது என்று தெரியாமல் ஒருவன் வாழ்நாள் முழுவதும் குடியிருந்தால் அவனை என்னவென்று சொல்வீர்கள்? அப்படித்தான் நாமும் இந்த உடம்புக்குள் குடியிருந்தோம். சென்ற ஆண்டு வரைக்கும்!

சென்ற ஆண்டு என்ன நடந்தது? இதோ நிற்கிறானே கலைவாணன், அவனுக்கு நடந்தது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் ஸ்பீக்கர் பெட்டி கட்டாத திருவிழா உண்டா, தேர்ப்பவனி உண்டா, காதுகுத்து உண்டா? இரண்டு கையிலும் இரண்டு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறுகிற பிள்ளை, ஒருநாள் ஏணியின் பாதியில் நின்றுவிட்டான். மூச்சு வாங்கியது. முகம் வீங்கியது. செருப்பு காலுக்குள் நுழையவில்லை. பரிசோதனை செய்து பார்த்ததில் அவனுடைய இரண்டு சிறுநீரகங்களும் கிட்டத்தட்ட ஓய்ந்துவிட்டன என்று தெரிந்தது. முப்பது வயதைத் தாண்டி அப்போதுதான் ஒரு வருடம் ஆகியிருந்தது அவனுக்கு.

அதன் பிறகு கோரிமேடு ஆஸ்பத்திரி. வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை பஸ் ஏறிப் போய், உடம்பில் ஓடும் ரத்தத்தை இயந்திரத்துக்குள் அனுப்பி, சுத்தம் செய்து, திரும்ப வாங்கிக்கொண்டு வருவான். போகும்போது வீக்கம், வரும்போது வாட்டம். அவனுடைய மைக்செட் எங்கள் தெருவில் மௌனமாகக் கிடந்தது. அந்த மௌனம் இருக்கிறதே, அது என்னால் தாங்க முடியாததாக இருந்தது.

அப்போதுதான் அக்காள் பூர்ணிமா முன்வந்தாள். தம்பிக்கு ஒரு சிறுநீரகம் நான் தருகிறேன் என்றாள். ரத்தம் பொருந்தியது, திசு பொருந்தியது, மருத்துவர்கள் செய்யலாம் என்றார்கள். பூர்ணிமாவின் கணவர் பிரேம்குமார் தங்கமான மனிதர், தலையாட்டத் தயார். ஆனால் அந்த வீட்டில் யார் தலை ஆடினால் காரியம் ஆகும் என்று தெருவுக்கே தெரியும். மணியம்மாள் அம்மா தலை ஆடியது, ஆனால் மேலும் கீழும் அல்ல, இடமும் வலமும்! என்னை முறைக்காதீர்கள் அம்மா, முழுக்கக் கேட்டுவிட்டு முறையுங்கள்.

ஊர் என்ன பேசியது? மாமியார் என்றால் வாய்க்கு வந்தபடி பேசலாம் என்று ஊருக்கு ஒரு பழக்கம். கல் நெஞ்சு என்றார்கள், கருணை இல்லை என்றார்கள். நாங்கள் நான்கு பேர் தூது போனோம். தூதுக்குழுவின் பேச்சாளர் என் ஆருயிர் நண்பர், லூர்துபிரகாஷ், ஊரறிந்த கார் மெக்கானிக். போகிற வழியெல்லாம், "ஒரே வார்த்தையில முடிச்சுக் காட்டறேன் பாரு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். போய் உட்கார்ந்தார். சொன்னார்.

"அத்த, ஒண்ணுமே இல்ல. கடவுள் எல்லாருக்கும் ரெண்டு கிட்னி குடுத்துருக்காரு. ஒண்ணு ஓடும், இன்னொண்ணு சும்மா ஸ்டெப்னி மாதிரி கெடக்கும். அந்த ஸ்டெப்னியத்தான் குடுக்கச் சொல்றோம்."

ஆகா! எப்பேர்ப்பட்ட விளக்கம்! பட்டறைக்காரர்கள் நாங்கள் நால்வரும் பூரித்துப் போனோம். இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மணியம்மாள் அம்மா காபியை எங்கள் முன்னால் வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்ப்பா பிரகாசு, வேளாங்கண்ணிக்குப் போறியே வருசா வருசம், ஸ்டெப்னி இல்லாத கார எடுத்துக்கினு போவியா?"

லூர்துபிரகாஷ் காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார். வாடிக்கையாளரை ஸ்டெப்னி இல்லாமல் திண்டிவனம் வரைகூட அனுப்பாத மெக்கானிக் அவர்! காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு நாங்கள் திரும்பி வந்தோம்.

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு நடுவே ஒன்றை நினைத்துப் பாருங்கள். ஒரு பிள்ளையின் உயிர் ஊசலாடுகிறது. கொடுக்க வந்தவளின் உடம்பைப் பற்றி ஒரு தாய் கேட்கிறாள். பதில் சொல்ல வேண்டிய எங்களுக்கு எதுவுமே தெரியவில்லை. தெரியாமலே விளக்கம் சொல்லப் போயிருந்தோம். வெட்கமாக இருந்தது எனக்கு. நேராக லினெட் வீட்டுக்குப் போனோம். "பாப்பா, சிறுநீரகத்தைப் பத்தி மட்டும் எங்களுக்கு ஒரு மணி நேரம் சொல்லிக் குடும்மா" என்றோம்.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அண்ணா, அத மட்டும் தனியா சொல்ல முடியாது. இதயத்துலேந்து ஆரம்பிக்கணும். வாங்க, எல்லாத்தையும் படிப்போம்." அன்றைக்குத் தொடங்கியது இந்த வட்டம். லூர்துபிரகாஷின் பட்டறை முற்றம் வகுப்பறை ஆயிற்று. கவிழ்த்துப் போட்ட டயர்கள் நாற்காலி ஆயின. முதல் வகுப்புக்கே யார் வந்து நின்றார் என்று நினைக்கிறீர்கள்? முருங்கைக்கீரைக் கட்டோடு மணியம்மாள் அம்மா, அவர் பின்னாலேயே பூர்ணிமா! "நீங்க இன்னா சொல்லி எம் மருமவள ஏமாத்தப் போறீங்கன்னு பாக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு, பின்னால் உட்கார்ந்து கீரையை ஆய ஆரம்பித்தார். அதன் பிறகு ஒரு வகுப்பையும் அவர் விடவில்லை, கீரைக்கட்டையும் விடவில்லை.

அந்த முதல் வகுப்பை நான் மறக்கவே மாட்டேன். லினெட் வெறுங்கையோடு வந்தார். கலைவாணனை நடுவில் உட்கார வைத்து இடக்கையை நீட்டச் சொன்னார். டயாலிசிஸுக்காக மணிக்கட்டுக்கு மேலே ஒரு தமனியையும் ஒரு சிரையையும் இணைத்துத் தைத்திருந்தார்கள். "ஒவ்வொருத்தரா வந்து விரல வெச்சுப் பாருங்க" என்றார். வைத்தோம். அம்மம்மா! ஆம்ப்ளிஃபையரை முடுக்கியதும் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கை வைத்தால் எப்படி அதிரும், அப்படி அதிர்ந்தது. விரலுக்கு அடியில் ஓர் ஆறு இரைந்து ஓடியது. "இது இதயம் தள்ளி விடற வேகம்" என்றார் லினெட். அவரவர் முஷ்டியை மடக்கச் சொன்னார். அவ்வளவுதான் இதயம் என்றார். முஷ்டி அளவு தசை! ஒரு நாளைக்கு லட்சம் தடவை துடிக்கிறது. அதற்கு ஞாயிறு உண்டா? பொங்கல் லீவு உண்டா? பந்த் உண்டா? நாம் தூங்கினால் அது தூங்குமா? என் கடையில் எந்தக் கம்பெனி பம்ப் வாங்கினாலும் ஒரு வருடம்தான் கேரண்டி தருகிறேன், அதையும் தயங்கித் தயங்கித்தான் தருகிறேன்!

அடுத்த வாரம் நுரையீரல். உள்ளே இருக்கும் காற்றறைகளைப் பிரித்துத் தரையில் விரித்தால் ஒரு வீட்டின் தரை முழுவதையும் மூடிவிடுமாம். மார்புக்கூட்டுக்குள் அத்தனையையும் மடித்து வைத்தது யார் கைத்திறன்! அதற்கடுத்த வாரம் குடல். இந்தப் பந்தலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை நீளும் குழாய், சுருண்டு சுருண்டு நம் வயிற்றுக்குள். அதன் உட்சுவர் முழுவதும் வெல்வெட் துணி போல நுண்ணிய விரல்கள். நாம் தின்ற இட்லியிலிருந்து சாரத்தைப் பொறுக்கி எடுப்பவை அந்த விரல்கள். பிறகு கல்லீரல், பிறகு எலும்பு.

எலும்பு வகுப்பில்தான் லூர்துபிரகாஷ் எழுந்து நின்றுவிட்டார். "இன்னா பாப்பா சொல்ற! எலும்புன்னா வெறும் சேஸிஸ்னு இல்ல நெனச்சேன்!" வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டம்தான் சேஸிஸ். அந்தச் சேஸிஸுக்குள்ளே ரத்தம் உற்பத்தியாகும் பட்டறை நடக்கிறது, பெருமக்களே! எலும்பு மஜ்ஜைதான் சிவப்பணுக்களைச் செய்கிறது. செய் என்று அதற்கு யார் தகவல் அனுப்புவது? மூளையா? இதயமா? சிறுநீரகம்! முதுகுப்புறம் மூலையில் கிடக்கிற அந்த அவரைவிதை வடிவச் சிறுநீரகம்தான் ரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் உணர்ந்து, ஒரு ஹார்மோனைச் சுரந்து, எலும்புக்குச் சேதி சொல்கிறது. எலும்புக்கு வலுத் தருகிற வைட்டமினைப் பக்குவப்படுத்துவதும் அதுவே. ரத்த அழுத்தத்தை ஏற்றி இறக்குவதிலும் அதற்குப் பங்கு உண்டு.

அப்போது கலைவாணன் மெதுவாகக் கேட்டான். "அக்கா, அதனாலதான் ஏணியில ஏறும்போது எனக்கு மூச்சு வாங்குச்சா? நான் நெஞ்சுலதான் கோளாறுன்னு நெனச்சேன்." ஆமாம் என்று லினெட் தலையசைத்தார். சிறுநீரகம் சேதி அனுப்பவில்லை, எலும்பு ரத்தம் செய்யவில்லை, நுரையீரல் வாங்கிய காற்றைச் சுமந்து போக ஆள் போதவில்லை. ஓர் உறுப்பு ஓய்ந்தால் ஊரே தவிக்கிறது. பின்னால் கீரை ஆய்கிற சத்தம் நின்றிருந்தது. நான் திரும்பிப் பார்த்தேன். மணியம்மாள் அம்மா கலைவாணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது வகுப்பு சிறுநீரகம். லூர்துபிரகாஷ் காலையிலேயே கறிக்கடைக்குப் போய் இரண்டு ஆட்டுச் சிறுநீரகம் வாங்கி வந்துவிட்டார். குழம்புக்கு அல்ல, கல்விக்கு! லினெட் ஒன்றை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து காட்டினார். வெளியே ஒரு பட்டை, உள்ளே கூம்பு கூம்பாகச் செம்மை, நடுவில் கிண்ணம் போல ஒரு குழிவு. நம்முடைய ஒவ்வொரு சிறுநீரகத்திலும் இப்படிச் சுமார் பத்து லட்சம் வடிகட்டிகள் என்றார். ஒரு நாளைக்கு நூற்று எண்பது லிட்டர் வடிக்கின்றன. அத்தனையையும் வெளியே விட்டால் நாம் என்ன ஆவோம்? வடித்ததில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திரும்ப இழுத்துக்கொண்டு, வேண்டாததை மட்டும் ஒன்றரை லிட்டரில் அனுப்பி வைக்கின்றன. எது வேண்டும், எது வேண்டாம் என்று இவ்வளவு நுட்பமாக நம்மில் யாராவது வீட்டுப் பரணை ஒழித்திருக்கிறோமா? கேட்கக் கேட்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

லூர்துபிரகாஷுக்குப் பொறுக்கவில்லை. "பாப்பா, அதெல்லாம் சரி. அத்தைக்கு அந்த ஸ்டெப்னி விஷயத்த நீயே சொல்லிடு."

"அண்ணா, ஸ்டெப்னி டிக்கியில தூங்கும். இது தூங்காது. பொறக்கறதுக்கு முன்னாடிலேந்து ரெண்டும் சேந்துதான் ஓடுது. ரெண்டுல எதுவுமே சும்மா இல்ல" என்றார் லினெட்.

போயிற்றா! எங்கள் விளக்கத்தின் அடித்தளமே போயிற்றா! மணியம்மாள் அம்மா கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"கேட்டுக்குங்க! அப்ப இன்னும் மோசம். டிக்கியில இருக்கறது இல்ல, ஓடற சக்கரத்தையே கழட்டறீங்க!"

பெருமக்களே, படிக்காமல் போனபோது பாதி தோற்றோம். படித்த பிறகு முழுக்கத் தோற்றோம் போலிருக்கிறதே என்று கலங்கினேன். கலைவாணன் தலை குனிந்துகொண்டான். லினெட் மட்டும் கலங்கவில்லை. பிளந்த சிறுநீரகத்தைத் தட்டில் வைத்துவிட்டு மணியம்மாள் அம்மாவின் அருகில் போய் ஒரு டயரில் உட்கார்ந்தார்.

"ஆமா அத்த. ஓடறதுதான். கழட்டினா அன்னிக்கி பாதி கொறைஞ்சிடும், நிஜந்தான். ஆனா வண்டிக்கும் ஒடம்புக்கும் ஒரு வித்தியாசம் இருக்குது. வண்டியில ஒரு சக்கரத்தக் கழட்டினா மிச்ச சக்கரத்துக்குத் தெரியாது. ஒடம்புல தெரியும். தங்கிப்போன சிறுநீரகம் ரத்தத்த அதிகமா வாங்கிக்கும். புதுசா வடிகட்டி மொளைக்காது, ஆனா இருக்கற ஒவ்வொண்ணும் பெருசாவும். கொஞ்ச நாள்ல ரெண்டும் சேந்து செஞ்ச வேலையில முக்கால்வாசி கிட்ட அது ஒண்ணே செய்யும். ஆரோக்கியமா இருக்கறவங்களுக்கு அது போதும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். நானாக இருந்தால் நிறுத்தியிருப்பேன். லினெட் நிறுத்தவில்லை. கெட்டதையும் சொன்னார். அறுவை சிகிச்சையின் வலியைச் சொன்னார். ரத்த அழுத்தம் கூடலாம், வருடா வருடம் பரிசோதனை வேண்டும், கண்ட வலி மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது, அரிதாக ஆபத்தும் உண்டு என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். ஏனம்மா இதையெல்லாம் இப்போது சொல்கிறாய் என்று கண்ணால் கெஞ்சினேன்.

மணியம்மாள் அம்மா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். அவர் பேசியதை நான் அப்படியே சொல்கிறேன். மேடைத்தமிழ் போட்டு அதைக் கெடுக்க மாட்டேன்.

"இத்தினி நாளா வர்றீங்க, போறீங்க, கலைவாணனுக்காவப் பேசறீங்க. பேசணும், சின்னப் புள்ள, எனக்கும் வயிறு எரியுது. ஆனா எம் மருமவளுக்காவ உங்கள்ல யாருனா ஒருத்தன் பேசினியா? அவ ஒடம்பு இன்னா ஆவும்னு ஒருத்தன் கேட்டியா? ஸ்டெப்னியாம்! எம் புள்ள வேலைக்குப் போவ அவ வேணும், பசங்க பள்ளிக்கொடம் போவ அவ வேணும், எனக்கு முட்டி வலிச்சா அவ வேணும். எல்லாருக்கும் அவ வேணும். அவளுக்கு யாரு? அதான் நான் குறுக்க நிக்கிறேன்."

சொல்லிவிட்டு அழுதுவிட்டார். ஊர் கல் நெஞ்சு என்று சொன்ன அம்மா, எங்கள் எல்லோர் முன்னாலும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். என் அருமைத் தாய்மார்களே, இதைவிடப் பெரிய அன்பு ஒன்று உண்டா? மகனைப் பெற்றவள், மருமகளின் உடம்புக்கு அரணாக நின்றாளே, இந்த முத்தியால்பேட்டை முழுவதும் எதிர்த்து நின்றும் நகராமல் நின்றாளே, அவளுக்கு நாம் என்ன பெயர் வைத்தோம்? அவரை நான் வணங்குகிறேன். எழுந்து நின்று கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள், மிச்சம் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்!

அப்புறம்தான் நாங்கள் பூர்ணிமாவைப் பார்த்தோம். வகுப்புக்கு வந்த நாள் முதல் வாய் திறக்காத பெண். அவளிடம் லினெட் கேட்டார், "நீ இன்னா நெனைக்கிற பூர்ணிமா?" அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

"பயமாத்தான் இருக்குதுக்கா. ராத்திரியில தூக்கம் வரல. ஆனா குடுக்கணும்னு ஆசையா இருக்குது. கட்டாயத்துக்கு இல்ல, எனக்கே ஆசையா இருக்குது." பிறகு மாமியாரைப் பார்த்து, "அத்த, நீங்க கூட வந்தீங்கன்னா பயம் இருக்காது" என்றாள்.

மறுநாளே மணியம்மாள் அம்மா கோரிமேட்டுக்குப் பஸ் ஏறினார். மருத்துவரின் முன்னால் உட்கார்ந்து கேட்டார் பாருங்கள் கேள்வி! எந்தப் பக்கத்துச் சிறுநீரகம் எடுப்பீர்கள், ஏன் அந்தப் பக்கம்? தையல் பிரித்த பிறகு எத்தனை நாளைக்குக் குடம் தூக்கக் கூடாது? உப்பு எவ்வளவு? அந்த மருத்துவர் பொறுமையின் வடிவம். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். இடப்பக்கத்தில் ரத்தக்குழாய் நீளமாக இருக்கும், இணைக்க வசதி என்று படம் வரைந்தே காட்டினாராம். வெளியே வந்த அம்மா மகனைக் கூப்பிட்டு, "பிரேமு, சரின்னு சொல்லிடுடா" என்றார். அவ்வளவுதான், தெருவுக்கே மூச்சு திரும்பியது.

அறுவை சிகிச்சை நாள். மருத்துவமனை வளாகத்து மர நிழலில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர். லூர்துபிரகாஷ் ஜெபமாலை உருட்டுகிறார். நான் என் பங்குக்குத் தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் மருத்துவர் வெளியே வந்தார். எல்லோரும் எழுந்தோம். மணியம்மாள் அம்மாதான் முதலில் கேட்டார், "எம் மருமவ எப்பிடி இருக்கா?" நன்றாக இருக்கிறார் என்றார் மருத்துவர். அதன் பிறகு மற்றதைச் சொன்னார். அக்காளின் சிறுநீரகத்தைத் தம்பியின் ரத்தக்குழாயோடு இணைத்து, ரத்தத்தை நிறுத்தி வைத்திருந்த கிடுக்கியைத் தளர்த்தியதும், வெளுத்துக் கிடந்தது சிவந்ததாம். சிவந்து, நிமிர்ந்து, அறுவை மேசையிலேயே சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் வடித்ததாம்!

லூர்துபிரகாஷ் நின்ற இடத்தில் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்குப் பறந்து, பட்டறை வாசலில் ஒரு சரவெடியைக் கொளுத்திவிட்டார். அந்த வழியாகப் போன ஒருவர் நின்று, "யாருக்குங்க கல்யாணம்?" என்று கேட்டிருக்கிறார்.

"கல்யாணம் இல்லீங்க! எங்க கலைவாணன் ஒண்ணுக்குப் போயிட்டான்!"

ஐயா, அதற்காக வெடி வெடித்த ஊர் உலகத்தில் வேறு உண்டா? இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வைத்ததை அடிவயிற்றில்தான் வைக்கிறார்கள், பழைய இரண்டையும் எடுக்கவில்லை. லூர்துபிரகாஷ் இன்றைக்கும், "பழசக் கழட்டாம புதுச எப்பிடி மாட்டுவாங்க?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே கணக்குப்படி கலைவாணனுக்கு இப்போது மூன்று. கலைவாணா, சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லிக் கேட்கிறார்கள், வேண்டாம், நீ வேலையைப் பார்.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்த அதிசயம் கலைவாணனிடம் இல்லை. சென்ற மாதம் பூர்ணிமாவுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். தங்கியிருக்கும் அந்த ஒற்றைச் சிறுநீரகம் வளர்ந்திருக்கிறது! முன்பு இருந்ததைவிடப் பெரிதாக இருக்கிறது! யார் அதனிடம் சொன்னது? எந்த மேலதிகாரி உத்தரவு போட்டது? பக்கத்தில் இருந்த துணை போய்விட்டது என்று தெரிந்துகொண்டு, ரத்தத்தை இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டு, ஒரு நாளும் முணுமுணுக்காமல், அது தன்னைத் தானே பெரிதாக்கிக்கொண்டது. நான் ஆயுள் முழுக்க உதிரி பாகம் விற்றவன். கழற்றினால் குறையும், மாட்டினால் நிறையும், அதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. எடுத்துக்கொடுத்த பிறகு மிஞ்சியது வளர்கிற கணக்கை நான் இந்த உடம்பில்தான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கடைக்குள் போய்த் தனியாக உட்கார்ந்து அழுதேன், சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

ஆகவே அழைக்கிறேன். அடுத்த ஞாயிறு மூளையும் நரம்பும் தொடங்குகிறது. தையல் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வாருங்கள். உலைக்கு அரிசி போட்டுவிட்டு வாருங்கள். பரீட்சை இல்லை, பட்டம் இல்லை, பயம் வேண்டாம். பாடம் கேட்க வாருங்கள், கேள்வி கேட்க வாருங்கள், எங்களை எதிர்த்து மடக்கவாவது வாருங்கள்! உங்கள் மனைவிக்கு மூச்சு வாங்கினால் ஏன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? உங்கள் மகனுக்கு முகம் வீங்கினால் எங்கே ஓட வேண்டும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டாமா? ஒருவர் உறுப்பைக் கொடுக்க முன்வந்தால், அவருக்கு என்ன ஆகும் என்று கேட்கிற அறிவு இந்த ஊருக்கு வேண்டாமா? வேண்டும்! வேண்டும் என்று உரக்கச் சொல்லுங்கள், கோரிமேடு வரைக்கும் கேட்கட்டும்! இந்த உடம்பைப் படிப்போம். படித்ததை மறைக்காமல் சொல்வோம். கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து...

என்ன? மூன்றாவது வரிசையில் என்ன சத்தம்? மணியம்மாள் அம்மா எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் அம்மா. கலைவாணா, மைக்கை அவரிடம் கொடு.

"நீ பேசறது எல்லாம் நல்லாத்தான் இருக்குது வெற்றி. ஆனா எம் மருமவள எம்மாம் நேரமா இந்தப் புழுக்கத்துல மேல உக்கார வெச்சிருக்க? டாக்டரு தண்ணிய ஒழுங்காக் குடிக்கச் சொல்லியிருக்காரு. ஒருத்தனாவது அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுத்தியா?"

தலைவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, இதற்கு மேல் பேச எனக்கு வாய் இல்லை. லூர்துபிரகாஷ், ஓடுங்கள், தண்ணீர்! தங்கை குடித்து முடிக்கும் வரை இந்த மேடையில் வேறு நிகழ்ச்சி கிடையாது. கேட்ட செவிகளுக்கு நன்றி, பொறுத்த தலைவருக்கு நன்றி, எழுந்து கேட்ட அம்மாவுக்கு இந்தத் தெருவின் நன்றி. எல்லோருக்கும் வணக்கம்.